சுபாங் படிவு மகரந்தம்

கோலாலம்பூரை அடுத்த சுபாங்கில் கிடைத்த பழம்படிவுகளிலுள்ள மகரந்தத் தூள். ஆய்வாளர்கள் மார்லியும் ஃபிளென்லியும் 1987இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையால் பரவலாக அறியப்பட்டது. படிவின் காலம் இடைப் பிளைஸ்டோசீன். இதில் பைன், புல் ஆகியவற்றின் மகரந்தமே மிகுதி. மலாயாத் தீபகற்பத்தில் பைன் இன்று இயற்கையாக வளர்வதில்லை. வட சுமத்ராவிலும் தாய்லாந்திலும் உண்டு. ஆகவே, இன்று மழைக்காட்டுக்குரிய கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒருகாலத்தில் வறண்ட பருவத்தைத் தாங்கும் பைன் மரப் புல்வெளி பரவியிருந்தது எனக் கொள்ளலாம். நிலநடுக்கோட்டுக் காடு என்றுமே மாறாதது என்ற எண்ணத்தை இவ்வளவு தெளிவாக மறுக்கும் சான்று அரிது.

மகரந்தத்தின் புறவுறை எளிதில் அழியாது என்பதால் அது இவ்வாறு படிவுகளில் நிலைத்திருக்கிறது. மண்ணை அமிலத்தில் கரைத்து, எஞ்சும் துகள்களை நுண்ணோக்கியில் இனவாரியாக எண்ணுவர். 1916இல் சுவீடனின் லென்னார்ட் ஃபான் போஸ்ட் இம்முறைக்கு அடித்தளமிட்டார்.

ஆனால், பைன் மகரந்தம் காற்றில் நெடுந்தொலைவு செல்லும் என்பதால், படிவில் அது இருப்பது மட்டுமே அருகில் பைன் வளர்ந்ததைக் காட்டாது. தாவரம் குறைந்த துருவ ஏரிகளில் இச்சிக்கல் பெரிது: தொலைதூரத் துகள்கள் உள்ளூர்க் காடுபோலத் தோன்றும். எனினும், சைபீரியாவின் எல்கிகிட்கின் ஏரியில் 2009இல் துளையிட்டெடுத்த படிவு, சுமார் 35 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆர்க்டிக்கில் ஊசியிலைக் காடு இருந்ததையும், கோடைவெப்பம் இன்றைவிட ஏறத்தாழ 8 பாகை செல்சியஸ் கூடுதலாக இருந்ததையும் காட்டியது.