சீனக் கிண்ண வைத்தியமும் அரசும்

கிண்ணத்தினுள் தீ காட்டி உடலிற் கவிழ்த்தால், உள்ளிருக்கும் காற்றுக் குளிர்ந்து அமுக்கம் குறையத் தோல் மேலிழுக்கப்படும். இதுவே சீனக் கிண்ண வைத்தியத்தின் அடிப்படை. கி.மு. 168 இல் மூடப்பட்டு 1973 இல் அகழப்பட்ட மாவாங்டுய் கல்லறையின் பட்டுச் சுவடியொன்று, மூலநோய்ச் சிகிச்சையிற் கொம்பு பயன்பட்டமையைக் கூறுகின்றது. பின்னர் மூங்கில், மண், கண்ணாடி எனக் கலங்கள் மாறின.

கலத்தினும் வேகமாக மாறியது அரசின் நோக்கு. 1929 இல் நான்கிங் அரசின் சுகாதாரச் சபை சுதேச வைத்தியத்தை ஒழிக்கத் தீர்மானித்தது. வைத்தியர்களின் எதிர்ப்பால் அது நிறைவேறவில்லை. 1949 இன் பின் புதிய அரசு அதனையே பொதுச் சுகாதார அமைப்பினுட் சேர்த்தது. மேனாட்டு முறையிற் பயின்ற வைத்தியர் போதாமை அதற்கொரு முக்கிய காரணமாகும்.

எனவே, பழைமையோ அரச ஆதரவோ பயனுக்குச் சான்றாகா. வலி தணிப்பதில் இதன் ஆற்றல் பற்றிய ஆய்வுகள் உறுதியான முடிவை இன்னும் எட்டவில்லை. நோயாளிக்கு வேண்டுவதோ அம்முடிவே.