ஃபுயாரா

ஸ்லோவாக்கியாவின் நடுப்பகுதியில் மலைக் கிடைகளில் தோன்றிய நெடுங்குழல். நீளம் பொதுவாக 160 முதல் 200 சென்டிமீட்டர். சில குழல்கள் வாசிப்பவரைவிட உயரமாக இருக்கும். விரல் துளைகள் மூன்றே. இப்படி மூன்று துளையுள்ள குழல் ஐரோப்பாவின் பிற பகுதிகளிலும் உண்டு. அங்கே அதை ஒரு கையில் பிடித்து, மறு கையால் முரசு தட்டுவார்கள். ஃபுயாராவுக்கோ இரண்டு கைகளும் வேண்டும்.

இதன் தாயகம் பொல்யானா. 1,458 மீட்டர் உயரமுள்ள அணைந்த எரிமலை அது. அதன் அடிவாரத்தில் டெட்வா, ஒச்சோவா போன்ற ஊர்கள் உள்ளன. கார்பாத்திய மலைத்தொடர் வழியே 14ஆம் நூற்றாண்டு முதல் வந்து குடியேறிய வாலாக்கிய மேய்ப்பர்கள் மலைமேய்ச்சல் முறையை இந்நாட்டில் வேரூன்றச் செய்தனர். கோடை முழுதும் ஆடுகளோடு மேலேயே தங்கும் அந்த வாழ்க்கையில்தான் ஃபுயாரா வளர்ந்தது.

குழலுக்குப் பெரிதும் பயன்படுவது எல்டர் மரம். குளிர்காலத்தில் வெட்டி, பல ஆண்டுகள் உலரவிட்டு, நீண்ட துளைப்பானால் இருமுனையிலிருந்தும் குடைவார்கள். துளைகள் கீழ்ப்பகுதியில் இருப்பதால், உச்சியில் வாய் வைத்தால் கை எட்டாது. எனவே பக்கவாட்டில் ஒரு சிறு குழலைச் சேர்த்துக் கட்டி, மூச்சை அதன் வழியே உச்சிக்கு ஏற்றுகிறார்கள். எளிய உபாயம்தான், ஆனால் அது இல்லாமல் இந்தக் கருவியே இல்லை.

துளைகளின் குறையை மூச்சு ஈடுகட்டுகிறது. மெல்ல ஊதினால் முணுமுணுப்பு; அழுத்தி ஊத ஊத மேற்சுரங்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும். வாசிப்பு பெரும்பாலும் 'ரோஸ்ஃபுக்' என்னும் வீச்சோடு தொடங்கும்: உச்சத்தில் வெடித்த ஒலி படிப்படியாகச் சரிந்து இறங்கும். பிறகு வாசிப்பவர் குழலை நிறுத்தி ஓர் அடி பாடுவார், மறுபடி ஊதுவார். பாட்டின் பொருள் மேய்ப்பர் வாழ்க்கை, அல்லது மலைக்கள்வர் கதை. அக்கள்வர்களில் புகழ்பெற்றவர் 1713இல் மரண தண்டனைக்கு ஆளான யூராய் யானோஷிக். கேட்பவர்கள் இவ்விசையைச் சோகம் என்பார்கள். அந்தச் சோகத்தில் பாதியேனும் கருவியின் இயல்பு என்றே சொல்லவேண்டும். இவ்வளவு நீண்ட குழலின் ஆழ்ந்த சுரங்களை அவசரப்படுத்த முடியாது.

19, 20ஆம் நூற்றாண்டுகளில் ஃபுயாரா பொல்யானாவைத் தாண்டிப் பரவியது. 1948இல் வந்த கம்யூனிஸ்ட் ஆட்சி வேளாண்மையைக் கூட்டுப்பண்ணைகளாக்கியபோது பழைய கிடை வாழ்க்கை சுருங்கியது. ஆனால் நாட்டார் கலைக்குழுக்களுக்கு அதே ஆட்சி மேடை தந்தது. 1966இல் டெட்வாவில் தொடங்கிய நாட்டார் கலைவிழா இன்றும் நடக்கிறது. யுனெஸ்கோ 2005இல் ஃபுயாராவையும் அதன் இசையையும் மனிதகுலத்தின் தலைசிறந்த மரபுகளுள் ஒன்றாக அறிவித்தது. 2008இல் அது பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. மேய்ப்பர் அல்லாத நகரவாசிகளும் பெண்களும் இன்று வாசிக்கிறார்கள். அவர்களுடைய பயண வசதிக்காக, கழற்றிப் பூட்டும் ஃபுயாராக்களும் செய்யப்படுகின்றன.