பால்டர்ஸ் கேட் கைக்கு வந்த கதை

பால்டர்ஸ் கேட் என்ற கணினி விளையாட்டில் வரும் மின்ஸ்க் என்ற முரட்டுப் போர்வீரன் பிறந்தது கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், நண்பர்கள் கூடி உட்கார்ந்த ஒரு மேசையில். அவர்கள் ஆடியது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி வெளியிட்ட ஆட்டம் அது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு குகை, கோட்டை, காடு என்று குழுவாக அலைவார்கள். வாள் பட்டதா, மந்திரம் பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். அந்த மேசையில் கதையை நடத்தியவர் ஜேம்ஸ் ஓலன். மின்ஸ்காக ஆடியவர் கேமரன் டோஃபர். டோஃபரின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் பின்பாதியில் அவர் மீண்டும் வருவார்.

1995இல் அதே மாகாணத்தின் எட்மன்டன் நகரில் பயோவேர் நிறுவனம் தொடங்கியது. நிறுவனர்களில் ரே முசிகா, கிரெக் செஷுக், அகஸ்டின் யிப் மூவரும் மருத்துவர்கள். டிரென்ட் ஆஸ்டரும் தொடக்கத்திலேயே உடன் இருந்தார். கடவுளர் கூட்டங்கள் மோதிக்கொள்ளும் ஒரு விளையாட்டுக்கான மாதிரியை அவர்கள் செய்து, இன்டர்ப்ளே என்ற பதிப்பு நிறுவனத்திடம் காட்டினார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் உரிமம் அப்போது இன்டர்ப்ளேயிடம் இருந்தது. மாதிரியும் உரிமமும் ஒன்றுசேர, பால்டர்ஸ் கேட் கருக்கொண்டது. அதன் தலைமை வடிவமைப்பாளர் ஓலன். தன் மேசையில் உலவிய பாத்திரங்கள் சிலரை அவர் விளையாட்டுக்குள் அழைத்து வந்தார். மின்ஸ்க் அப்படித்தான் வந்தான், தோளோடு தோளாக பூ என்ற ஹாம்ஸ்டருடன். 1998 டிசம்பரில் ஐந்து சிடிகளில் விளையாட்டு வெளியானது.

அதன் அமைப்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னாளில் டேப்லெட்டுக்கு அது பொருந்திய காரணம் அதிலேயே இருக்கிறது. ஒவ்வோர் இடமும் மேலிருந்து சாய்வாகப் பார்க்கும் ஒரே பெரிய ஓவியம். அதன் மீது உங்கள் குழு, அதிகபட்சம் ஆறு பேர், நடந்து போகிறது. சண்டை ஓடிக்கொண்டே இருக்கும்; ஆனால் எந்த நொடியிலும் அதை நிறுத்தலாம். நிறுத்திவிட்டு மந்திரவாதியைப் பின்னுக்கு இழுக்கலாம், கவசம் போட்டவனை வாசலில் நிறுத்தலாம், பூசாரியைக் காயம்பட்டவனிடம் அனுப்பலாம். பிறகு ஓடவிட்டால் கட்டளைகள் எல்லாம் ஒன்றாக நடக்கும். உள்ளே பகடை உருண்டுகொண்டே இருக்கும். அவசரமே இல்லாமல் யோசிக்க இடம்தரும் இந்த நிறுத்தத்தைத்தான் நான் பால்டர்ஸ் கேட்டின் உயிர் என்பேன்.

2009இல் ஆஸ்டர் பயோவேரை விட்டு வெளியேறி, பீம்டாக் என்ற நிறுவனத்தை எட்மன்டனிலேயே தொடங்கினார். அவரோடு சேர்ந்து அதை நிறுவியவர் கேமரன் டோஃபர், மின்ஸ்காக மேசையில் பகடை உருட்டிய அதே டோஃபர். அடுத்த ஆண்டு ஐபேட் வந்தது. பழைய விளையாட்டைப் புதுக்கும் உரிமையைப் பெற்று இறங்கியபோது, ஒரு பெரிய இடி காத்திருந்தது: விளையாட்டின் மூல ஓவியக் கோப்புகள் தொலைந்துபோயிருந்தன. 640க்கு 480 என்ற பழைய திரை அளவுக்காகச் சுருக்கிய படங்கள்தாம் மிஞ்சின. புதிய திரைகளுக்காக அவற்றைக் கூர்மையாக மறுபடி உருவாக்க வழியில்லை. எனவே ஓவியத்தை அப்படியே விட்டு, அதைக் காட்டும் எஞ்சினைத் திருத்தினார்கள். படத்தைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் வசதி சேர்ந்தது. மிகவும் பெரிதாக்கினால் படம் மங்குகிறது என்பது உண்மை. ஆனாலும் கைத்தொலைவில் வைத்துப் பார்க்கும் பத்து அங்குலத் திரையில் அந்தப் பழைய ஓவியங்கள் பெரிய மானிட்டரில் தெரிவதைவிட அழகாகவே இருக்கின்றன.

விரலுக்குப் பழக்குவது தனி வேலை. கணினியில் சுட்டியை ஒரு கதவின் மேல் கொண்டுபோனாலே அம்பின் வடிவம் மாறி, இது திறக்கும் என்று சொல்லிவிடும். விரல் திரையைத் தொடும்வரை அது எங்கே இருக்கிறது என்று கருவிக்குத் தெரியாது. அதனால் கதவு, பெட்டி, பீப்பாய் எல்லாவற்றையும் ஒளிரச்செய்து காட்ட ஒரு பொத்தானைத் திரையிலேயே வைத்தார்கள். சண்டையை நிறுத்த விசைப்பலகையின் நீண்ட ஸ்பேஸ் விசை செய்த வேலைக்கும் திரையில் ஒரு பொத்தான் வந்தது.

'என்ஹான்ஸ்டு எடிஷன்' என்ற பெயரில் இது 2012 நவம்பர் இறுதியில் கணினிக்கும், டிசம்பரில் ஐபேடுக்கும் வந்தது. 2013 ஜூனில் பதிப்பாளருடனான ஒப்பந்தச் சிக்கலால் விற்பனையிலிருந்தே எடுக்கப்பட்டு, ஆகஸ்டில் திரும்பியது. 2014இல் ஆண்ட்ராய்டும் சேர்ந்தது. இதன் இரண்டாம் பாகமும், 'ஐஸ்விண்ட் டேல்', 'பிளேன்ஸ்கேப் டார்மென்ட்' என்று அதே எஞ்சினில் பிறந்த மற்றவையும் அடுத்தடுத்து டேப்லெட்டுக்கு வந்தன.

புதிதாகத் தொடங்குபவர்களுக்குச் சொல்ல மூன்று விஷயங்கள் உண்டு. போனில் வேண்டாம், எழுத்து கண்ணைக் கெடுக்கும், டேப்லெட்டிலேயே ஆடுங்கள். முதல் வேலையாக அமைப்புகளுக்குள் போய், எதிரி கண்ணில் பட்டதும் ஆட்டம் தானாக நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் மந்திரவாதியின் உயிர்ப்புள்ளி நான்கைந்துதான் இருக்கும், ஓர் ஓநாய் போதும் அவனை முடிக்க. குழுவில் நான்கு பேராவது சேரும்வரை சாலையை விட்டுக் காட்டுக்குள் இறங்காதீர்கள்.