பங்குத்தந்தை ருத்திலியோ கிராந்தே: அகிலாரெஸ் பங்கும் 1977ஆம் ஆண்டுப் படுகொலையும்

முன்னுரை

எல் சால்வதோர் நாட்டுத் திருச்சபை வரலாற்றை எழுதியோர் பலரும் பங்குத்தந்தை ருத்திலியோ கிராந்தேயைப் பேராயர் ஆஸ்கர் ரொமேரோவின் வாழ்க்கை வரலாற்றுக்கு ஒரு முகவுரையாகவே கொண்டுள்ளனர். 1977 மார்ச் 12 அன்று நிகழ்ந்த கிராந்தேயின் கொலை, தயக்கமுடைய பேராயர் ஒருவரை ஒரே இரவில் மாற்றிவிட்டது என்பது வழக்கமான கூற்று. இதில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும், கொல்லப்பட்டவரின் நான்கரை ஆண்டுக்காலப் பங்குப்பணியை இக்கூற்று மறைத்துவிடுகிறது. அவர் ஏன் கொல்லப்பட்டார் என்னும் வினாவுக்கு விடையை அப்பணியின் இயல்பிலேயே தேடவேண்டியுள்ளது.

அகிலாரெசுக்கு முன்

கிராந்தே 1928 ஜூலை 5 அன்று எல் பைஸ்னால் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் பிரிந்தமையால் பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தார். 1945இல் இயேசு சபையில் சேர்ந்து, 1959இல் ஸ்பெயின் நாட்டில் குருவாக அருட்பொழிவு பெற்றார். இளமையில் நரம்புத் தளர்ச்சியும், தம் குருத்துவத் தகுதியைத் தாமே ஐயுறும் ஓயாத மனச்சஞ்சலமும் அவரை வாட்டின. பிற்காலப் புகழுரைகள் விரைந்து கடந்துசெல்லும் செய்தி இது; ஆயினும் எளிய மக்களிடம் அவர் காட்டிய பொறுமையை விளங்கிக்கொள்ள இது தேவைப்படுகிறது.

சான் சால்வதோர் குருமடத்தில் பல்லாண்டுகள் பயிற்சியாளராக இருந்த காலத்தில், மாணவரைச் சிற்றூர்களுக்கு அனுப்பி மக்களோடு தங்கவைத்தார். ஆயர்கள் சிலர் இதனை விரும்பவில்லை. 1970 ஆகஸ்டு 6 அன்று பேராலயத்தில் நாட்டின் தலைவர்கள் முன்னிலையில் அவர் ஆற்றிய மறையுரை அந்த இடைவெளியை அகலப்படுத்தியது. குருமட அதிபர் பதவி அவருக்குக் கிட்டவில்லை. பின்னர் எக்குவடோர் நாட்டில் மேய்ப்புப்பணிப் பயிற்சி பெற்றுத் திரும்பிய அவர், 1972 செப்டம்பர் 24 அன்று தம் பிறந்த ஊரை உள்ளடக்கிய அகிலாரெஸ் பங்கின் பொறுப்பை ஏற்றார்.

பங்கை அமைத்த முறை

ஏறத்தாழ 30,000 மக்கள் வாழ்ந்த அப்பங்கின் வளமான நிலம் பெரும்பாலும் கரும்புப் பண்ணைகளின் கையில் இருந்தது. உழவர்களுக்கு எஞ்சியது சிறு குத்தகை நிலமும் அறுவடைக்காலக் கூலியும். குருவின் வருகை அவர்களுக்குத் திருவிழா நாளின் நிகழ்ச்சியாக மட்டுமே இருந்தது.

கிராந்தேயும் அவருடைய துணைக்குருக்களும் இவ்வழக்கத்தை மாற்றினர். பங்கைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வோர் ஊரிலும் இரு வாரங்கள் உழவர் வீடுகளில் தங்கி உண்டனர். மாலையில் மக்கள் கூடினர். நற்செய்திப் பகுதி ஒன்று வாசிக்கப்பட்டது. சிறு குழுக்களாக அமர்ந்து அது குறித்துப் பேசினர். எழுத்தறியாதவரும் பேசினர் என்பதே இங்குக் கருதத்தக்கது. இரு வாரங்களின் முடிவில், கூட்டத்தைத் தொடர்ந்து நடத்துவதற்கான இறைவார்த்தைப் பணியாளர்களை ஊராரே தேர்ந்தெடுத்தனர். காலப்போக்கில் இவர்கள் சுமார் முந்நூறு பேராயினர். உழவரின் முதன்மை உணவான மக்காச்சோளத்துக்கென ஒரு விழாவும் பங்கில் தொடங்கப்பட்டது. அவர்களுடைய உழைப்பின் விளைச்சலே அங்கு வழிபாட்டின் மையமாயிற்று.

1973 மே மாதம் லா கபாஞா சர்க்கரை ஆலைத் தொழிலாளர்கள், வாக்களிக்கப்பட்ட கூலி உயர்வு தரப்படாமையால் வேலைநிறுத்தம் செய்தனர். இறைவார்த்தைப் பணியாளர் சிலரும் அதில் இருந்தனர். வேலைநிறுத்தத்தைப் பங்கு நடத்தவில்லை. ஆனால், பொது இடத்தில் பேசும் துணிவு அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதை நிலவுடைமையாளர் அறிந்திருந்தனர்.

இவ்விடத்தில் கிராந்தேயின் நிலைப்பாடு நுட்பமானது. பங்கும் உழவர் சங்கமும் வெவ்வேறானவை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். குரு சங்கத் தலைவராதல் கூடாது என்றார். அதே வேளையில், சங்கத்தில் சேரும் கிறித்தவரைத் தடுக்கவும் மறுத்தார். இவ்வேறுபாட்டை இளைய தோழர் சிலர் அச்சமாகக் கண்டனர். பண்ணை உரிமையாளர்களோ அதை வெறும் மறைப்பாகக் கொண்டனர். அவரைப் புரட்சியாளராகவோ அரசியல் சாராத ஆன்மிகராகவோ சித்திரிக்கும் இருவகை எழுத்துகளும் இந்த இக்கட்டைத் தவறவிடுகின்றன.

1977

அவ்வாண்டு ஜனவரியில் அண்டைப் பங்கான அப்போபாவின் குரு, கொலம்பியரான மாரியோ பெர்னால், நாடு கடத்தப்பட்டார். பிப்ரவரி 13 அன்று அப்போபாவில் கிராந்தே ஆற்றிய மறையுரை பெரிதும் அறியப்பட்டது. விவிலியத்தின் பக்கங்கள் அனைத்தும் ஆட்சிக்கு எதிரானவையாகக் கருதப்படுவதால், அதன் அட்டைகள் மட்டுமே எல்லை தாண்டி வர இயலும் என்னும் பொருள்பட அவர் பேசினார். நான்கு வாரங்களில் அவர் உயிருடன் இல்லை.

மார்ச் 12 மாலை, புனித யோசேப்பு நவநாள் திருப்பலிக்காக அகிலாரெசிலிருந்து எல் பைஸ்னாலுக்கு வண்டியோட்டிச் சென்ற அவரைக் கரும்புத் தோட்டங்களினூடான சாலையில் சுட்டுக்கொன்றனர். உடன் சென்ற எழுபத்திரண்டு வயது மனுவேல் சொலோர்சனோவும் பதின்ம வயதினரான நெல்சன் ருத்திலியோ லேமுசும் மாண்டனர். வண்டியில் இருந்த குழந்தைகள் மூவர் உயிர்தப்பினர்.

பிப்ரவரி 22 அன்றுதான் பொறுப்பேற்றிருந்த ரொமேரோ அன்றிரவே அகிலாரெசுக்கு வந்தார். கிராந்தே அவருடைய நீண்டகால நண்பர். 1970இல் அவரது ஆயர் திருநிலைப்பாட்டுச் சடங்குகளை நெறிப்படுத்தியவரும் அவரே. கொலை விசாரிக்கப்படும்வரை அரசு விழாக்களில் பங்கேற்பதில்லை எனப் பேராயர் அறிவித்தார். மார்ச் 20, ஞாயிறன்று உயர்மறைமாவட்டம் முழுமைக்கும் பேராலயத்தில் ஒரே திருப்பலி நடைபெற்றது. திருத்தந்தையின் தூதர் எதிர்த்தும் ரொமேரோ இதில் பின்வாங்கவில்லை.

கொலையின் நோக்கம் ஒரு மனிதரோடு முடிவதாக இருந்திருப்பின், அதன்பின் அகிலாரெசில் நிகழ்ந்தவற்றுக்கு விளக்கமில்லை. மே 19 அன்று படையினர் ஊரைச் சூழ்ந்தனர், கோயில் படைவீடாயிற்று, நற்கருணைப் பேழை சுடப்பட்டது, எஞ்சிய இயேசு சபைக் குருக்கள் நாடு கடத்தப்பட்டனர். ஊர்மக்கள் சிலர் கொல்லப்பட்டனர், பலர் பிடித்துச் செல்லப்பட்டனர். பங்குத்தந்தை இறந்து இரு மாதங்களுக்குப் பிறகும் அடக்கப்பட வேண்டியதாக எஞ்சியிருந்தது, அவர் பேசக் கற்றுக்கொடுத்த மக்கள் கூட்டமே. ஜூன் 19 அன்று ரொமேரோ அக்கோயிலுக்குத் திரும்பிவந்து, மக்களோடு திருப்பலி நிறைவேற்றி நற்கருணைப் பவனி நடத்தினார்.

கிராந்தேயும் உடன் மாண்ட இருவரும் எல் பைஸ்னால் கோயிலில் ஒன்றாகவே அடக்கம் செய்யப்பட்டனர். 2022 ஜனவரி 22 அன்று திருச்சபை கிராந்தேக்கு அருளாளர் பட்டம் அளித்தபோது, குருத்துவம் பெறாத அம்முதியவருக்கும் அச்சிறுவனுக்கும் அதே பட்டத்தை அதே திருப்பலியில் அளித்தது.