கருவியும் கடையின் பெயரும்

ஒரு பொருளின்மேற் பொறித்திருக்கும் பெயர் அதனைச் செய்தவருடைய பெயர் என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால், சந்தையின் வரலாற்றை ஆராயும்போது, அது பல வேளைகளில் விற்றவருடைய பெயராகவே இருக்கக் காண்கிறோம். ஐக்கிய அமெரிக்காவின் பெருங்கடைகள் வேட்டைக்காரருக்குத் தத்தம் பெயரில் விற்றுவந்துள்ள இருகண் தொலைநோக்கியும், துவக்கின்மேற் பூட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கியும் இதற்குத் தக்க சான்றுகளாகும்.

1894இல் ஜெர்மனியின் ஜேனா நகரிலிருந்த சைஸ் ஆலை, எர்ணஸ்ட் அபே என்னும் அறிஞரின் ஆய்வின் பயனாக, அரியங்கள் பொருத்திய இருகண் தொலைநோக்கியை விற்பனைக்குக் கொணர்ந்தது. படையதிகாரிகளும் செல்வரும் கையாண்ட விலையுயர்ந்த கருவி அது. அதனை ஓர் அமெரிக்கத் தொழிலாளியும் வாங்கக்கூடிய கடைப்பண்டமாக்கியது எது? விடையை டோக்கியோ நகரிலே தேடவேண்டும்.

அந்நகரின் இத்தபாசிப் பகுதியில், போர்க்காலத்தில் யப்பானியத் தரைப்படைக்கு ஒளியியற் கருவிகள் செய்யப்பட்டன. 1945இல் யப்பான் சரணடைந்ததும் அப்படை கலைந்தது. ஆனால் வில்லை தேய்க்கப் பழகிய கைகள் எஞ்சின. அங்கே சிறு பட்டறைகள் பெருகின. ஒன்று வில்லை தேய்த்தது. மற்றொன்று உலோக உடலைச் செய்தது. வேறொன்று பாகங்களைப் பூட்டியது. 1949இல் ஒரு டொலருக்கு 360 யென் என நாணயமாற்று வீதம் நிலைப்படுத்தப்பட்டது. அவ்வீதத்தில் யப்பானியத் தொழிலாளியின் உழைப்பு அமெரிக்க வணிகருக்கு மலிவாகக் கிடைத்தது.

தபால்மூலம் பொருள் விற்றுப் பெருவளர்ச்சி கண்ட சிக்காகோவின் சியர்ஸ் றோபக் அவ்வணிகருள் ஒன்று. அதன் விளையாட்டு, வேட்டைப் பொருள்கள் 1908 முதல் 1960களின் தொடக்கம்வரை ஜே. சி. ஹிக்கின்ஸ் என்னும் பெயரைத் தாங்கின. ஹிக்கின்ஸ் அந்நிறுவனத்தின் அலுவலகத்திற் பணியாற்றியவர். பின்னர் டெட் வில்லியம்ஸ் என்ற புகழ்பெற்ற பேஸ்போல் ஆட்டக்காரரின் பெயர் வந்தது. அப்பெயர் தாங்கிய குறிநோக்கிகள் யப்பானிற் செய்யப்பட்டவை. கணக்கரும் ஆட்டக்காரரும் பண்டத்துக்குப் பெயர் தந்தனர். வில்லை தேய்த்தவர் பெயர் எங்கே?

முற்றாக மறைந்துவிடவில்லை. அக்கால யப்பானிய இருகண் தொலைநோக்கிகள் பலவற்றின் நடு அச்சுப் பகுதியில் ஜே.பி., ஜே.ஈ. என்னும் எழுத்துகளோடு நுண்ணிய இலக்கங்கள் காணப்படும். முன்னது உடலைச் செய்த பட்டறையையும், பின்னது கருவியைப் பூட்டிய பட்டறையையும் குறிக்கும். ஏற்றுமதிப் பொருளின் தரத்தைப் பரிசோதிக்கும் ஏற்பாட்டோடு இணைந்தவை இவை. எனவே இதனை உழைப்புக்குச் செய்த மரியாதை எனக் கொள்வதற்கில்லை. குற்றங்குறை நேர்ந்தாற் பொறுப்பு இலக்கத்துக்குரிய பட்டறையைச் சாரும். நற்பெயரோ கடையைச் சாரும்.

இது யப்பானோடு முடிந்த கதையுமன்று. செக் நாட்டின் பிரெரோவ் நகரில் 1933இல் தோன்றிய ஒளியியல் ஆலை, போருக்குப் பின் தேசியமயமாக்கப்பட்டு மேயொப்டா என்னும் பெயர் பெற்றது. அது சோசலிச நாடுகளின் படைகளுக்கும் கருவிகள் செய்தது. 1989இன் ஆட்சிமாற்றத்தின் பின் அது தனியார் கைக்கு மாறியது. 1961இல் நெப்ராஸ்காவில் தொடங்கிய கபேலாஸ் என்னும் வேட்டைப் பொருட்கடை, அவ்வாலையின் தொலைநோக்கிகளைப் பிற்காலத்திற் தன் பெயரில் விற்றது. நாடும் அரசியலும் வேறு; பெயரிடும் உரிமை மட்டும் மீண்டும் கடையிடமே இருந்தது.

விலை குறைந்ததால் விளைந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. பறவையையும் நிலவையும் அண்மையிற் காணும் வாய்ப்புச் சாதாரண மக்களுக்குக் கிட்டியமை முன்னேற்றமே. ஆனால் அம்முன்னேற்றம் யாருடைய குறைந்த கூலியில் எழுந்தது என்பதையும் வரலாறு கூறவேண்டும். அரியம் ஒளியைத் திருப்பும் விதத்தை வகுப்பிற் கற்பிக்கும் ஆசிரியர், பழைய தொலைநோக்கி ஒன்று கிடைக்குமாயின், அதன் அச்சுப் பகுதியிலுள்ள இலக்கத்தையும் மாணவரைத் தேடிப் படிக்கச் சொல்லட்டும். பௌதிகப் பாடம் அங்கே சரித்திரப் பாடமுமாகும்.