பிரான்ஸ் பண்ணை வீடு: முற்பணம் கட்ட முன்னர்

லண்டனிலிருந்து இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து, பரிஸ் உறவுகளையும் கூட்டிக்கொண்டு, ஓகஸ்டில் பிரான்சின் கிராமப்புறத்தில் பழைய பண்ணை வீடொன்றை வாடகைக்கு எடுப்பதுண்டு. 'ஜீத்' என்பார்கள் அங்கே. நாங்களே சமைக்கலாம், செலவும் பங்குபடும். முன்பின் தெரியாத ஊர் என்றதும் நாம் முதலில் பயப்படுவது கள்ளருக்கு. பிள்ளைகளோடு போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது நீச்சல் தடாகத்தை.

2003 ஜனவரி 3ஆம் திகதிச் சட்டப்படி, நிலத்தில் பதித்த திறந்தவெளித் தடாகத்துக்கு வேலி, எச்சரிக்கை மணி, பாதுகாப்பு மூடி, கூரைக்கூடு ஆகிய நான்கில் ஒன்று கட்டாயம். மீறினால் 45,000 யூரோ வரை தண்டம். ஒன்று போதும் என்பதில்தான் சிக்கல். தண்ணீர் அசைவில் இயங்கும் மணி, பிள்ளை விழுந்த பிறகே அடிக்கும். ஆகவே வேலியும் பூட்டும் கதவும் உள்ள வீட்டையே நாங்கள் தெரிவு செய்வோம். நிலத்துக்கு மேல் வைக்கும் தடாகத்துக்கு இந்தச் சட்டமே இல்லை. உரிமையாளரிடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.

புகை எச்சரிக்கைக் கருவி 2015 மார்ச்சிலிருந்து அங்கே வீடுகளில் கட்டாயம். விறகடுப்பு இருந்தால் காபன் மொனொக்சைட் கருவியொன்றையும் இங்கிருந்தே கொண்டுபோங்கள். அந்த வாயுவுக்கு மணமில்லை.

எட்டுப் பேருக்கான வீட்டில் பன்னிரண்டு பேர் பாய் விரித்தால், விபத்து நடந்தபின் காப்புறுதிக் கோரிக்கை சிக்கலாகலாம்.

அவசர இலக்கம் 112. வீட்டு முகவரியைக் கதவருகே எழுதி ஒட்டுங்கள். என்.எச்.எஸ். தரும் இலவச சுகாதார அட்டை அரச மருத்துவமனைக்கு உதவும். நோயாளியை லண்டனுக்குக் கொண்டுவரும் செலவை அது தராது. அதற்குப் பயணக் காப்புறுதி வேறாக எடுக்கவேண்டும்.