தேய்ந்த ரூபாய்

லேவாதேவிக்குப் பேர்போன செட்டிநாட்டில், ஒக்கூரானாலும் சரி, காரைக்குடியானாலும் சரி, அந்தக் காலத்தில் வெள்ளி ரூபாயைச் சுண்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். 'கணீர்' என்றால் பெட்டிக்குள் போகும். செப்பிடுவித்தைக்காரனுக்கோ சத்தமே சத்துரு! உள்ளங்கையில் ஒளித்த காசுகள் உரசினால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே விளிம்பு வரிகளைத் தேய்த்து மழுக்கி மெருகேற்றிக்கொள்வான்.

அந்த வரிகள் இருந்ததே, யாரும் வெள்ளியைச் சுரண்டித் திருடக் கூடாதென்றுதான். 11.66 கிராம் ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி; 1940-ல் பாதியாயிற்று. மோசடியாக நாணயத்தின் எடையைக் குறைத்தவனுக்கு 1860-ம் வருஷத்துத் தண்டனைச் சட்டம் ஏழாண்டு வரை சிறை விதித்தது.

தேய்ப்பு ஒன்றுதான், சட்டம் பார்த்தது மனசை. சொல்லிவிட்டு ஏமாற்றுகிறவன்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை.